முட்டைக் கணக்கில் சேராத உழைப்பு

வெடக்கோழிக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, இன்னும் முட்டைக்கு வரவில்லை. முட்டைக்கு வந்த கோழியோ பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடுகிறது. எழுந்த பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடே திரிகிறது. புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் பரவலாகக் கேட்கும் குறை இது. காலங்காலமாக வளர்த்துவரும் கிராமத்து வீடுகளைவிட, மாடியிலும் தோட்டத்திலும் புதிதாக நாலைந்து கோழி வாங்கி விட்டவர்களிடம் இது இன்னும் உரத்துக் கேட்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான்: அந்தக் கோழியை அறுத்துவிட்டு வேறு வாங்குங்கள், இல்லையென்றால், அதிகம் முட்டையிடும் மேம்படுத்தப்பட்ட இனத்துக்கு மாறுங்கள். அரசுத் திட்டங்களும் பல ஆண்டுகளாக இரண்டாவது வழியில்தான் நடக்கின்றன. முட்டை குறைந்தால் குறை கோழியிடம் இருக்கிறது என்ற எண்ணமே இரண்டுக்கும் அடிப்படை. அந்த அடிப்படை பிழையானது. புறக்கடைக்கோழியின் பயனை முட்டை எண்ணிக்கையால் அளப்பதை விட்டு, அது வளர்த்து ஆளாக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கினால், நாம் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையே மாறிவிடும்.

நம் மனத்தில் பதிந்திருக்கும் அளவுகோல் நாமக்கல்லின் கோழிப்பண்ணைக் கூண்டுகளிலிருந்து வந்தது. அங்கே வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழி பதினெட்டிலிருந்து இருபது வாரத்துக்குள் முட்டையிடத் தொடங்கி, ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் பல தலைமுறைத் தேர்வு இனப்பெருக்கம் இருக்கிறது. நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம், 100 முதல் 120 கிராம் வரை அளந்து வைக்கும் சமச்சீர் தீவனம், நாள் தவறாத தடுப்பூசி அட்டவணை, எதிரி நுழைய முடியாத கொட்டகை எல்லாம் இருக்கின்றன. நாட்டுக்கோழி ஆறேழு மாதத்தில் முட்டைக்கு வந்து, ஆண்டுக்கு நாற்பது முதல் அறுபது முட்டை வரை இடும். பெருவிடை எனப்படும் அசீல் வகை முப்பது, நாற்பதோடு நின்றுவிடும். இவற்றின் மூதாதையான செங்காட்டுக்கோழி காட்டில் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடுகிறது. அந்த நிலையிலிருந்து பார்த்தால், தவிட்டையும் புழுவையும் கிளறித் தின்று அறுபது முட்டை இடும் புறக்கடைக்கோழி, கொடுத்ததற்குக் குறைவாக எதையும் தந்துவிடவில்லை.

நாட்டுக்கோழியின் ஓராண்டைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு முட்டை வரை இட அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகிறது. பிறகு 21 நாள் அடைகாக்கிறது. குஞ்சு பொரித்த பின் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேய்கிறது. குளிருக்கு இறக்கைக்குள் அணைக்கிறது, பருந்து வந்தால் கத்திக் கூப்பிடுகிறது, எதைத் தின்ன வேண்டும் என்று கொத்திக் காட்டுகிறது. மொத்தத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு மாதம். ஆண்டுக்கு மூன்று சுற்று. சுற்றுக்குப் பதினைந்து முட்டை. மூன்று பதினைந்து நாற்பத்தைந்து. புத்தகங்கள் சொல்லும் குறைந்த முட்டை எண்ணிக்கைக்கு இதுவே விளக்கம். முட்டையிடாத மாதங்களில் அந்தக் கோழி பொரிப்பகத்தின் வேலையையும், குஞ்சு வளர்ப்பகத்தின் வேலையையும், காவலாளியின் வேலையையும் மின்சாரமோ சம்பளமோ இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது. நாற்றங்காலில் நெல் விளையவில்லை என்று எந்த விவசாயியும் அதைத் தரிசு என்று எழுதுவதில்லை. கோழியின் கணக்கில் மட்டும் நாம் அப்படித்தான் எழுதிவருகிறோம்.

அடைக்குப் படுப்பது கோழியின் பிடிவாதமும் அல்ல, சோம்பலும் அல்ல. புரோலாக்டின் என்ற சுரப்பு இரத்தத்தில் உயரும்போது சினைப்பை சுருங்குகிறது, முட்டை நிற்கிறது, கோழி கூட்டை விட்டு எழ மறுக்கிறது. லெகார்ன் போன்ற இனங்களில் அடைக்குப் படுக்கும் குணமுள்ள கோழிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி, அந்தக் குணத்தையே ஏறக்குறைய அகற்றிவிட்டார்கள். அவை இடைவிடாமல் முட்டையிடுவதற்கு இது முக்கியமான காரணம். ஆனால் அந்தக் கோழியால் தன் இனத்தைத் தானே பெருக்க முடியாது. பொரிப்பகம் நின்றால் அந்த இனமும் நின்றுவிடும். நாட்டுக்கோழியிடம் அந்தக் குணம் மிஞ்சியிருப்பதால்தான், பத்துக் கோழி வாங்கக் காசில்லாத வீட்டிலும் ஒரு பெட்டைக்கோழியும் பக்கத்து வீட்டுச் சேவலும் இருந்தால் கோழிவளம் உருவாகிவிடுகிறது. அடையைக் கலைக்க மூக்கில் இறகைச் செருகுவதும், தண்ணீரில் முக்கி எடுப்பதும் சில இடங்களில் இன்றும் நடக்கிறது. இது கோழிக்குக் கொடுமை. அடைகாக்க வேண்டாம் என்றால், அடியில் காற்றோட்டமுள்ள கம்பிவலைக் கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டாலே போதும். பெரும்பாலான கோழிகள் தெளிந்துவிடும்.

அடைகாக்கும் காலம் கழிந்தும் முட்டை வரவில்லை என்றால் காரணம் தேடத்தான் வேண்டும். இணையத்தில் தேடுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் பதில் வெளிச்சம். பகல் நீளத்தைக் கோழியின் மூளை மண்டையோட்டின் ஊடாகவே உணர்கிறது. பகல் நீளும்போது முட்டை கூடுகிறது, குறுகும்போது குறைகிறது. இது உண்மை. ஆனால் கூண்டுக்குள் பல்பு போடச் சொல்லும் அறிவுரை குளிர்நாட்டில் பிறந்தது. லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையில் மார்கழியின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆனியின் நீண்ட பகலுக்கும் அதற்கும் இங்கே ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகையில் மழை மூட்டத்தோடு சிறகு உதிர்ப்பும் சேரும்போது முட்டை குறையலாம். வெடக்கோழி முட்டைக்கு வருவது சில வாரம் தள்ளிப்போகலாம். பழைய சிறகை உதிர்த்துப் புதியது முளைக்கும்வரை உடலின் புரதம் சிறகுக்குப் போவதால் முட்டை நிற்பது இயற்கை. நம் ஊரில் வெளிச்சத்தைவிட வெயிலே பெரிய இடைஞ்சல். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் கோழி இரை எடுப்பதைக் குறைக்கிறது, வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது, ஓடு மெலிந்த முட்டை இடுகிறது. சித்திரை வெயிலில் அதற்கு வேண்டியது நிழலும், நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரும்தான். ஓடு நீங்கலாக முட்டையின் முக்கால் பங்கு தண்ணீர் என்பதை நினைத்தால் இது எளிதில் விளங்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் தீனி. பண்ணை முட்டை ஒன்றின் ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. நாட்டுக்கோழியின் சிறிய முட்டைக்கும் ஒன்றரை கிராம் வேண்டும். ஒரு கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருக்கும் கால்சியமோ இருபது கிராம் அளவுதான். தீனியில் கிடைக்காவிட்டால் அது தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்ட வேண்டும். அதற்கும் வழியில்லாதபோது முட்டையிடுவதை நிறுத்திக்கொள்கிறது. பண்ணையின் முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதமும், 3.5 முதல் 4 சதவீதம் கால்சியமும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். புறக்கடையில் கிடைக்கும் அரிசிக் குருணையிலும் மிஞ்சிய சோற்றிலும் மாவுச்சத்துதான் அதிகம். தவிட்டில் கால்சியம் மிகக் குறைவு. மாடியில் அடைத்து வைத்து மூன்று வேளையும் சோறு போடும் வீடுகளில் கோழி கொழுத்துப் போய் முட்டை இன்னும் குறைவதற்கு இதுவே காரணம். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய அளவைக் கோழி தானே எடுத்துக்கொள்ளும். காய்ந்த முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். முருங்கைக்கீரை, அசோலா, பானையில் சாணமும் ஓலையும் வைத்துப் பிடிக்கும் கரையான் ஆகியவை புரதக் குறையைப் பெருமளவு ஈடுசெய்யும். குடற்புழுவுக்கு மருந்து கொடுக்காத கோழி, தின்றதில் ஒரு பங்கைப் புழுவுக்குப் பறிகொடுக்கிறது. பேன் மொய்த்து, செள் இரவில் இரத்தம் குடிக்கும் கூண்டில், எந்த இனக் கோழியும் நன்றாக முட்டையிடாது.

தீனியைப் பற்றிப் பேசும்போது வீட்டைத் தாண்டியும் பார்க்க வேண்டும். 2022இல் வெளியான தொல்லியல் ஆய்வு ஒன்று, வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான எலும்புச் சான்று தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்ததாகவும், அதன் காலம் ஏறக்குறைய 3,500 ஆண்டுக்கு முந்தையது என்றும் காட்டியது. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குக் காட்டுக்கோழி தானாக வந்து சேர்ந்தது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. சிந்திய தானியத்தை நம்பித்தான் கோழி மனிதனிடம் வந்தது. மேய்ச்சல் கோழி வளர்ப்பை ஆராய்பவர்கள் இதையே வேறு வகையில் சொல்கிறார்கள்: ஓர் ஊரில் எத்தனை கோழி வாழலாம், எவ்வளவு முட்டையிடலாம் என்பதை, அந்த ஊர் மண்ணில் கோழிக்கு இலவசமாகக் கிடைக்கும் இரையின் அளவே முடிவு செய்கிறது. நம் ஊர்களில் அந்த இரை சுருங்கிவருகிறது. களத்துமேட்டில் கதிரடித்த காலம் போய், அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து மூட்டையாக அனுப்புகிறது. மாடு இல்லாத வீட்டில் தொழுவமும் எருக்குழியும் இல்லை. அவற்றில் நெளிந்த புழுக்களும் இல்லை. முற்றத்துக்குச் சிமெண்ட் பூசியாகிவிட்டது. வேலி மதிலாகிவிட்டது. மிச்சமிருக்கும் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறோம். இந்த நிலையில் பாட்டி காலத்துக் கோழி இட்ட அளவுக்கு இன்றைய கோழி இடவில்லை என்றால், மாறியது கோழியின் பிறவிக்குணம் அல்ல. அது மேயும் மண்ணே மாறிவிட்டது. இதை அறியாமல் இனத்தை மட்டும் மாற்றினால், அதே வெறும் முற்றத்தில் இன்னும் அதிகம் தின்னும் ஒரு கோழியைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

அடுத்து நோய். இந்தியாவில் ராணிக்கெட் என்றும் நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றும் அழைக்கப்படும் நோய், 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஏறக்குறைய நூற்றாண்டு ஆகிறது, தடுப்பூசியும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் தடுப்பூசி போடாத ஊரில் இந்த நோய் புகுந்தால், ஒரு வாரத்தில் தெருவில் கோழிச் சத்தமே இல்லாமல் போய்விடும். தப்பிப் பிழைத்த கோழியும் பல வாரங்களுக்குத் தோல்முட்டையோ கோணல் முட்டையோ இடும். முட்டையே இடாமலும் போகலாம். குஞ்சாக இருக்கும்போதே தாக்கும் மூச்சுக்குழாய் அழற்சி நோய் இன்னொரு வகையில் பாதிக்கிறது. முதல் சில வாரங்களில் அந்தக் கிருமி தொற்றினால் முட்டை வரும் குழாய் சரியாக வளராது. பெட்டை வளர்ந்து, கொண்டை சிவந்து, பார்ப்பதற்கு முட்டைக்கு வந்த கோழி போலவே இருக்கும்; மஞ்சள்கருவும் உருவாகும். ஆனால் அது குழாய்க்குள் செல்லாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்து கரைந்துவிடும். கடைசிவரை முட்டையிடாத கோழிகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவை. எந்தத் தீனியும் அவற்றை மாற்றாது. ஆனால் நோயைக் குஞ்சுப் பருவத்திலேயே தடுத்திருந்தால், அவற்றில் பலவும் முட்டையிட்டிருக்கும்.

இப்போது முட்டைக் கணக்கை வைத்துவிட்டுக் குஞ்சுக் கணக்குக்கு வருவோம். பதினைந்து முட்டையை அடைக்கு வைத்தால் பதினொன்று, பன்னிரண்டு பொரிப்பது புறக்கடையில் வழக்கமாகக் காணக்கூடியது. மூன்று மாதம் கழித்து அவற்றில் நான்கு மிஞ்சினால் அதுவே பெரிது என்பதுதான் கவனிப்பில்லாத வீடுகளின் நிலை. பருந்து, காகம், கீரி, பூனை, நாய், மழைக்குளிர், அம்மை, கழிச்சல் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. முதல் நான்கு வாரம் பஞ்சாரம் என்ற கவிழ்கூடையின் காப்பும், குஞ்சு மட்டும் நுழைந்து தின்னக்கூடிய இடத்தில் கொஞ்சம் நல்ல தீனியும், ஏழாம் நாள் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்தும் கிடைத்து, நான்குக்குப் பதில் எட்டுக் குஞ்சு பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்று ஈட்டுக்குப் பன்னிரண்டு கோழி கூடுதல். வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றின் விலை பல டஜன் முட்டைகளின் விலைக்குச் சமம். எனவே குஞ்சு இழப்பைப் பாதியாகக் குறைப்பதால் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் வருவாய், அந்தக் கோழி ஆண்டுக்கு நூறு முட்டை கூடுதலாக இட்டிருந்தால் கிடைக்கும் வருவாயைவிட அதிகம். சிறுவாட்டுக் காசு என்று பெண்கள் தங்கள் கையில் வைத்திருக்கும் சேமிப்பில் கோழிக்கு எப்போதும் இடம் உண்டு. பள்ளிக் கட்டணத்துக்கும் திடீர் வைத்தியச் செலவுக்கும் அந்த வீட்டில் விற்கப்படுவது பெரும்பாலும் கோழிதான். நாலைந்து முட்டை விற்று அந்தச் செலவைச் சமாளிக்க முடியாது.

இந்தக் கணக்கு சிறிய கணக்கு அல்ல. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள 85 கோடிக் கோழியினங்களில் ஏறக்குறைய 32 கோடி புறக்கடையில் வளர்பவை. 2012இல் இருந்த எண்ணிக்கையைவிட இது 46 சதவீதம் அதிகம். அந்தக் கணக்கெடுப்பில் மொத்தக் கோழி எண்ணிக்கையில் 12 கோடியோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இத்தனை வேகமாக வளரும் ஒரு வளத்துக்கு அரசு எந்த வகையில் துணை நிற்கிறது? 2014-15இல் தொடங்கிய தேசிய கால்நடை இயக்கம், ஊரகப் புறக்கடைக்கோழி வளர்ப்புக்கு மேம்படுத்தப்பட்ட இனக் குஞ்சுகளை வளர்ப்பகங்களில் நான்கு வாரம் வரை வளர்த்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்க உதவியது. 2021இல் திருத்தப்பட்ட அதே திட்டம், 1,000 தாய்க்கோழி கொண்ட பண்ணையும் பொரிப்பகமும் குஞ்சு வளர்ப்பகமும் அமைக்கும் தொழில்முனைவோருக்கு 50 சதவீத மானியம் தருகிறது. அதன் உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய். பொரிப்பகம் கட்டவும் குஞ்சு வளர்ப்பகம் கட்டவும் இவ்வளவு பணம் தரும் அரசு, அந்த இரண்டு வேலையையும் வீட்டுக்கு வீடு செய்துகொண்டிருக்கும் கோழியைக் காப்பாற்ற எவ்வளவு தருகிறது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. அதன் உழைப்பு எந்த அறிக்கையிலும் ஒரு பத்தியாக இல்லாததே அதற்குக் காரணம்.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவாகச் சொல்லக்கூடியது ஊட்டச்சத்து. ஏழை வீட்டுக் குழந்தைக்கு வேண்டியது முட்டை. ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா நூறு முட்டைக்கு மேல் இடுகிறது, கிராமப்பிரியா இருநூறு வரை கூட இடுகிறது. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நந்தனம் கோழி வகைகளைத் தந்திருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு நாற்பது முட்டை இடும் கோழியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஏழைக்குச் செய்யும் துரோகம் இல்லையா என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அந்த இனங்கள் நேர்மையான அறிவியல் உழைப்பின் பலன். நாள்தோறும் தீவனம் வாங்கிப் போடவும், காவலான இடத்தில் வைக்கவும் வசதி உள்ள வீட்டில், முட்டைதான் வேண்டும் என்றால் கிராமப்பிரியா சரியான தேர்வு. மாடியில் வளர்க்கும் நகரவாசிக்கும் அதையே சொல்லலாம். ஆனால் தீவனம் வாங்க வழியில்லாத வீட்டில், மேய்ச்சலை மட்டும் நம்பி விடும்போது அந்த எண்கள் கிடைப்பதில்லை. உடல் பெருத்த வனராஜாவால் நாயிடமிருந்து பறந்து தப்ப முடிவதில்லை. இந்தக் கோழிகள் அடைகாப்பதும் அரிது. அப்படியே இவற்றின் முட்டையை நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரித்தாலும், அடுத்த தலைமுறையில் அந்த முட்டைத் திறன் அப்படியே தொடராது. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்காக வெளியாரிடம் கையேந்த வேண்டும். திட்டம் நின்ற ஆண்டில் கோழியும் நின்றுவிடும். குழந்தையின் அன்றாட முட்டையைப் பொறுத்தவரை, அதைப் பள்ளிச் சத்துணவிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு அரசு ஏற்றிருக்கிறது. நாமக்கல்லின் பண்ணைகள் அந்த வேலைக்கு ஏற்றவை. அவற்றோடு போட்டியிட வேண்டிய கட்டாயம் புறக்கடைக்கோழிக்கு இல்லை.

முட்டையே இடாத கோழிக்கு வருடக்கணக்கில் தீனி போடச் சொல்கிறீர்களா என்று இன்னொருவர் கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. எட்டு ஒன்பது மாதம் ஆகி, நல்ல தீனியும் குடற்புழு மருந்தும் கொடுத்து, சிறகு உதிர்க்கும் காலமும் கழிந்து, வேலிப்புதரிலும் வைக்கோல்போரிலும் திருட்டு முட்டை இடவில்லை என்பதையும் உறுதி செய்த பிறகும் ஒரு கோழி முட்டைக்கு வரவில்லை என்றால், அது வராத கோழிதான். இடுப்பெலும்புகளுக்கு இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி, ஈரமான அகன்ற பின்வாய், சிவந்து தழைத்த கொண்டை ஆகியவை முட்டைக்கு வந்த கோழியின் அடையாளங்கள். இவற்றைப் பார்க்கத் தெரிந்தால் யாரும் எளிதில் முடிவெடுக்கலாம். அந்தக் கோழி குழம்புக்குப் போவதில் தவறில்லை; அது அந்த வீட்டின் உரிமை. அவசரப்பட்டு ஐந்து மாதத்திலேயே அறுப்பதுதான் இழப்பு. பதினெட்டு வாரம் என்ற கூண்டுக்கோழியின் நாள்காட்டியை வைத்துக்கொண்டு பார்த்தால், நன்றாக அடைகாத்துக் குஞ்சு வளர்க்கப்போகும் கோழியும் மலடாகத் தெரியும்.

குஞ்சோடு திரியும் காலம் மிக நீளம், அதையாவது குறைக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு இனத்தை மாற்றாமலே வழி இருக்கிறது. குஞ்சுகளை நான்கைந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து, காவலான இடத்தில் தீனி வைத்து வளர்த்தால் தாய் விரைவில் அடுத்த ஈட்டுக்கு வந்துவிடும். மூன்று சுற்றுக்குப் பதில் நாலைந்து சுற்று கிடைக்கும். ஆனால் பிரித்த குஞ்சுக்குத் தாய் செய்த வேலையை யாராவது செய்ய வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழும். ஏற்கெனவே நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் அடுப்படிக்கும் இடையே ஓடுபவரிடம், நாளுக்கு நாலு முறை குஞ்சுக்குத் தீனி வைக்கச் சொல்வதற்கு முன் அவரிடம் நேரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நேரம் உள்ளவர் பிரிக்கட்டும்; இல்லாதவர் தாய்க்கோழியிடமே விடட்டும். இரண்டு வழியும் சரிதான். இனத் தேர்வும் இதே வகையில் ஊருக்குள்ளேயே நடக்கலாம். முட்டையும் ஓரளவு இட்டு, குஞ்சையும் நன்றாகக் காத்து, ஊரில் கழிச்சல் வந்தபோது தப்பிய கோழியின் முட்டையைத்தான் அடைக்கு வைக்க வேண்டும் என்பது நம் கிராமத்துப் பெண்கள் பலருக்குத் தெரிந்த பழக்கம். சிறுவிடை, பெருவிடை, கிராப்புக்கோழி போன்ற நாட்டு வகைகள் இன்றுவரை நிலைத்திருப்பது அந்தத் தேர்வினால்தான். ஆராய்ச்சி நிலையங்கள் அதற்குப் பக்கபலமாக நின்றால், அடைகாக்கும் குணத்தைப் பலிகொடுக்காமலே முட்டையையும் சற்றுக் கூட்டலாம்.

நாட்டுமுட்டை வாங்கும் நுகர்வோருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆண்டுக்கு ஐம்பது முட்டை இடும் கோழியின் முட்டை, அதிலும் அடைக்கு வைத்தது போக மிஞ்சுவது, நகரத்தின் ஒவ்வொரு கடையிலும் ஆண்டு முழுவதும் தட்டுத்தட்டாகக் கிடைக்க வழியே இல்லை. ஓட்டின் பழுப்பு நிறம் இனத்தைப் பொறுத்தது. கூண்டில் வளரும் பல வகைக் கோழிகளும் பழுப்பு முட்டை இடுகின்றன. நிறத்தைப் பார்த்து இரண்டு மூன்று மடங்கு விலை கொடுப்பவர், பெரும்பாலும் புறக்கடைக்காரருக்கு அந்தப் பணத்தைச் சேர்க்கவில்லை. நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு உதவ விரும்பினால், தெரிந்த வீட்டிலிருந்து முட்டையோ கோழியோ நேரடியாக வாங்குவதுதான் வழி. அது எப்போதும் கிடைக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எப்போதும் கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே, அந்த வீடுகளையும் கூண்டை நோக்கித் தள்ளுகிறது.

ஆகவே அரசு முதலில் செய்ய வேண்டியது தடுப்பூசியைச் சீராக்குவது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நல்ல முயற்சி அது. ஆனால் ஆண்டுக்கு மூன்று முறை குஞ்சு பொரிக்கும் ஊரில், மாசியில் போட்ட ஊசி ஆடியில் பிறந்த குஞ்சைக் காக்காது. தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிக்கு மேல் போடும் அளவில் வருகிறது. கரைத்த பின் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதுவரை குளிரிலேயே வைக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் வீடு தனியாக வாங்க முடியாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை, மொசாம்பிக், தான்சானியா போன்ற நாடுகளின் கிராமங்களில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் ஒரு சொட்டு விடும் முறையில் பயன்படுத்தினார்கள். ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று அதைச் செய்தார்கள். மகளிர் சுய உதவிக்குழுக்கள் ஊருக்கு ஊர் வேரூன்றியிருக்கும் தமிழ்நாட்டில் இது முடியாத காரியம் இல்லை. குழுவில் ஒருவருக்குப் பயிற்சி, கோழிக்கு இவ்வளவு என்று ஒரு சிறிய கூலி, நான்கு மாதத்துக்கு ஒரு தடுப்பூசி நாள், கால்நடை மருந்தகத்திலிருந்து குளிர்பெட்டியில் மருந்து என்று இவ்வளவுதான் அதற்குத் தேவை. இதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பஞ்சாரமும், இரவில் அடைக்க எதிரி நுழையாத சிறு கூண்டும், ஒரு பை கிளிஞ்சல் தூளும் கொடுத்தால், அதற்கு ஆகும் செலவு ஒரு பொரிப்பகத்துக்குத் தரும் மானியத்தில் சிறு பகுதிதான்.

திட்டத்தை மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். எத்தனை ஆயிரம் குஞ்சுகள் வழங்கப்பட்டன என்ற எண்ணோடு இன்று அறிக்கை முடிந்துவிடுகிறது. வழங்கிய ஓராண்டுக்குப் பிறகு அந்த வீடுகளில் எத்தனை கோழி உயிரோடு இருக்கிறது, அவற்றில் எத்தனை அந்த வீட்டிலேயே பொரித்தவை, மூன்று மாதத்தைத் தாண்டிய குஞ்சு எத்தனை என்று மூன்று கேள்விகளைச் சேர்த்தாலே போதும். பணம் எங்கே பலன் தருகிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கை எடுக்கும்போது அடைகாத்த 21 நாளும், குஞ்சோடு அலைந்த மூன்று மாதமும் வீண்நாட்கள் என்ற தலைப்பின் கீழ் வராது. அந்த வீட்டின் வருவாய் உருவான நாட்களாக எழுதப்படும். முட்டைக்குத் தாமதமாக வரும் கோழியைப் பார்த்து, அதன் இனம் சரியில்லை என்று சொல்வதற்கு முன் தீனி, தண்ணீர், நிழல், தடுப்பூசி, இரவுக் காவல் ஆகிய ஐந்தையும் நாம் கொடுத்தோமா என்று பார்ப்பது வளர்ப்பவரின் கடமை. அந்த ஐந்தையும் கொடுக்க வளர்ப்பவருக்கு வழி செய்வது அரசின் கடமை.